நிமிர்ந்து உட்காரு

போன வாரம் ஒரு இளம் டாக்டர் வீட்டுக் கடனுக்காக எங்கள் கிளைக்கு வந்தார். எலும்பு மருத்துவர், மதுரைப் பக்கம். இங்கே போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், ஆனால் வாய்க்கு இன்னும் பழக்கமாகவில்லை) தமிழ் முகத்தைப் பார்த்தால் காபி கொடுக்காமல் நான் அனுப்புவதில்லை. சிபில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு "பிரமாதம் டாக்டர்" என்றேன். "எங்க ஆராய்ச்சி உலகத்துலயும் ஒரு சிபில் உண்டு சார், ஹெச் இண்டெக்ஸ்" என்று சிரித்தார்.

2005-ல் ஹிர்ஷ் என்கிற இயற்பியல்காரர் போட்ட கணக்காம். ஒருவர் எழுதியதில் இருபது கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது இருபது தடவை, மற்ற ஆராய்ச்சியாளர்கள் மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் 20. பி.காம். படித்தவனுக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே ஒரு பெரிய டெபாசிட்டை நம்பிக் கிளை நடத்த முடியாது இல்லையா, அந்த மாதிரி.

"நம்ம ஊர்ல யாருக்கு இது அதிகம்?" என்று கேட்டு வைத்தேன். கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் எஸ். ராஜசேகரன் பெயரைச் சொன்னார். முதுகெலும்புத் தட்டுக்குள் சத்து எப்படி ஊறிப் போகிறது என்று எம்.ஆர்.ஐ. வைத்துக் காட்டி 2004-ல் சர்வதேசப் பரிசு வாங்கியவர். விபத்தில் நொறுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்று மார்க் போட்டுச் சொல்லும் முறையை அவர் குழு 2006-ல் வெளியிட்டது. "ஆனா எனக்குப் பிடிச்சது அவரோட பழைய பேப்பர்ங்கதான் சார். முதுகெலும்பு டிபி, குழந்தைகளுக்கு வர்ற கூன்."

என் காபி ஆறிப் போனது.

என் அக்காவுக்கு ஆறு வயதில் முதுகெலும்பில் டிபி. 1981. மாத்திரை சாப்பிட்டாள், குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்போது முதுகில் சின்ன முண்டுதான். பத்து வயதுக்கு மேல் அது வளர ஆரம்பித்தது. அப்பாவுக்கு ஒரே முடிவு, இவள் குனிந்து குனிந்து படிக்கிறாள். "நிமிர்ந்து உட்காரு" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவார். சுவரோடு சுவராக நிற்க வைப்பார். நானும் சேர்ந்து கேலி செய்திருக்கிறேன். அதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். (2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வருவதற்கு முன்னால் இங்கே ஒரு பக்கம் திறப்பதற்குள் தூங்கிவிடலாம்.) 1987-ல் ராஜசேகரனும் பேராசிரியர் டி.கே. சண்முகசுந்தரமும் ஒரு சமன்பாடு கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் எத்தனை முள்ளெலும்பு அளவு கரைந்திருக்கிறதோ அதை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்டினால், கடைசியில் கூன் எத்தனை டிகிரியில் வந்து நிற்கும் என்று தெரிந்துவிடும். ஒன்றரை எலும்பு போயிருந்தால் சுமார் 51 டிகிரி. ஏறக்குறைய வட்டிக் கணக்கு!

2001-ல் வந்தது இன்னும் நெருக்கமானது. டிபி வந்த குழந்தைகளை 15 வருஷம் தொடர்ந்து பார்த்து எழுதியது. பெரியவர்களுக்கு நோய் ஆறினால் கூனும் நின்றுவிடும். குழந்தைகளுக்கு அப்படி இல்லை. நோய் போன பிறகும், வளர்கிற வயதில், சிலருக்குக் கூன் கூடிக்கொண்டே போகும். யாருக்கு என்பதை எக்ஸ்ரேயில் நான்கு அறிகுறிகள் முன்கூட்டியே சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். இரண்டைத் தாண்டினால் ஆபத்து, அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டும்.

1987-ல் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. 2001-ல் இருபத்தாறு. சாத்தூரிலிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம்தான். உலகம் முழுக்க மேற்கோள் காட்டிய விஷயம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. யாரைக் குறை சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, நீ குனிஞ்சு படிச்சதால வந்தது இல்ல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்பாகிட்ட இதை யாருடா போய்ச் சொல்றது?" என்றாள். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

பிறகு அவளே, "அந்தப் பழைய எக்ஸ்ரே எல்லாம் பீரோல இருக்குடா. அப்பா ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடல" என்றாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. திங்கட்கிழமை டாக்டர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறார். காட்டிக் கேட்க வேண்டும்.