ஓவர்கிளாக்கிங்: 83-ஐ விட 100 பத்திரம்

1998-ல் இன்டெல் செலரான் 300ஏ வந்ததும் ஓவர்கிளாக்கிங் பிரியர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மல்டிப்ளையர் 4.5, அதை மாற்ற முடியாது. ஆனால் மதர்போர்டில் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக்கினால் 300 சிப் 450-ல் ஓடும்!

கொஞ்சம் பயந்தவர்கள் "எதுக்கு வம்பு" என்று 83-ல் நிறுத்திக்கொண்டார்கள். வம்பே அங்கேதான் இருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கவனிக்கும் ஐடிஇ கண்ட்ரோலர் பிசிஐ வேகத்தில் ஓடுவது; அது 33 மெகாஹெர்ட்ஸுக்கு என்று செய்தது. 440பிஎக்ஸ் போர்டு 66-ஐ இரண்டால் வகுத்து 33 எடுக்கும். 100-ஐ மூன்றால் வகுத்து அதே 33. பாவம் 83, அதையும் இரண்டால்தான் வகுக்கும். 41.5!

விண்டோஸ் பூட் ஆகும், கேம் ஓடும், டிஸ்கில் எழுதிய ஃபைல்கள் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். ப்ராசசர் தடுமாறினால் வேகத்தைக் குறைத்து ரீஸ்டார்ட் செய்துவிடலாம். செமஸ்டர் ப்ராஜெக்ட் போனால் போனதுதான்.

2002-ல் வந்த என்ஃபோர்ஸ்2 போர்டுகளில் பிசிஐ வேகத்தைத் தனியே பூட்டி வைக்க முடிந்தது, அப்பாடா. 2011-ல் சாண்டி பிரிட்ஜ் வந்து பழைய கதைக்கே திருப்பிவிட்டது: சாட்டா உட்பட எல்லாம் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில். அதில் கை வைக்காமல், கே என்று முடியும் ப்ராசசர் வாங்கி மல்டிப்ளையரை ஏற்றிக்கொண்டார்கள்.