பாலத்தின் வாயிலில் ஒரு பள்ளம்

பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிய பாலத் திறப்பு விழாச் செய்திகளுக்குக் கணக்கில்லை. நாடா வெட்டியவர் யார், மாலை அணிவித்தவர் யார் என்று ஒரு பெயரும் விடுபடாமல் எழுதியிருக்கிறேன். ஒருமுறை வாசகர் ஒருவர், தமது ஊர்ப் பாலத்தின் வாயிலில் வீதி தாழ்ந்து பள்ளமாகியிருப்பதாகவும், லொறிகள் அதில் விழுந்து எழும்போது பாலமே அதிர்வதாகவும் கடிதம் அனுப்பியிருந்தார். 'பயணிகள் அசௌகரியம்' என்று தலைப்பிட்டு நான்கு வரிகளில் பிரசுரித்தேன். பாலம் அதிரும் செய்தியை, மிகைப்படுத்தல் என எண்ணி, வெட்டிவிட்டேன்.

பல ஆண்டுகளின் பின்னரே பொறியியலாளரான நண்பரொருவர் எனக்கு அதை விளங்கவைத்தார். பாலம் உறுதியான அத்திவாரத்தில் நிற்பது. அதனை வீதியோடு இணைப்பதோ கொட்டி இறுக்கிய மண். காலப்போக்கில் மண் அமர்ந்துவிடும், பாலம் அவ்வளவாக அமராது. இடையில் உண்டாகும் அந்தப் படியில் சில்லு ஏறும்போது, லொறியின் பாரம் அடியாக மாறுகிறது. அமெரிக்கப் பால வடிவமைப்பு விதிகள் பொதுவாக இந்த அதிர்வுக்கென லொறியின் பாரத்தில் 33 சதவீதத்தைக் கூட்டிக் கணக்கிடுகின்றன. பாலத்தளத்தின் மூட்டுகளுக்கு மட்டும் 75 சதவீதம்! அடி அதிகம் விழுவது அங்கேதான்.

மூட்டுச் சிதைந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். கடலோரமாயின் உப்பும் சேரும். கம்பி துருப்பிடித்துப் பருக்க, அதை மூடியிருக்கும் கொங்கிறீற் வெடித்து உதிரும்.

சரி, தார் போட்டு நிரவினால் போதாதா என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். 100 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் கொண்ட பாலத்தில் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் தார்க்கலவை பரப்பினால் அதன் நிறை 80 தொன்னைத் தாண்டும். பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்குமேல் போட்டால் அத்தனையையும் பாலமே சுமக்க வேண்டும். லொறி வந்து போய்விடும், இந்தச் சுமை போகாது. 'புதுப்பொலிவுடன் பாலம்' என்று நானும் தலைப்புப் போட்டவன்தான்.

கடந்த ஆண்டு அவ்வழியே சென்றபோது, இறங்கி அந்தப் பாலத்தின் அடியில் நின்று பார்த்தேன். மூட்டுக்குக் கீழே கொங்கிறீற் உதிர்ந்து, துருவேறிய கம்பி தெரிந்தது. மேலே லொறியொன்று வந்தது. 'தடால்' என்றொரு சத்தம். நான் கை வைத்திருந்த சுவர் அதிர்ந்தது.