கூறியது கூறும் விளக்குகள்

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் நிறம் மாறும் விளக்குப் பட்டை ஒட்டுவதைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இரண்டு மூன்று பேரையாவது எனக்குத் தெரியும். சினிமாவின் பின்னணி இசை பற்றி எழுதலாம், கவிதையில் அடைமொழி பற்றி எழுதலாம் என்றால் இதைப் பற்றியும் எழுதலாம் என்பது என் பதில். மூன்றும் ஒரே விவகாரம்தான். சொல்லப்பட்ட ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுபோய் வைக்கிறோம். வைத்தது அங்கே என்ன செய்கிறது?

சமாச்சாரம் எளியது. திரையில் ஓடும் படத்தின் ஓரங்களில் என்ன நிறம் இருக்கிறதோ அதே நிறத்தைத் திரைக்குப் பின்னாலுள்ள சுவரில் விழச் செய்வது. கடல் வந்தால் சுவர் நீலமாகும். வைக்கோற்போர் பற்றி எரிந்தால் சுவரும் எரியும். பிலிப்ஸ் கம்பெனி இப்படி முதுகில் ஒளிவிடும் பெட்டிகளை 2004இல் விற்க ஆரம்பித்தது. கைபேசியிலிருந்து நிறம் மாற்றக்கூடிய பல்புகள் 2012இல் வந்தன. இப்போது சென்னை ரிச்சி தெருவில் விளக்குப் பட்டையைச் சுருளாக வாங்கி வந்து யாரும் ஒட்டிக்கொள்ளலாம். படம் சட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்காமல் அறைக்குள் பரவுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் பெருமை. அப்படிப் பரவுகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆசை பழையது. 1725இல் லூயி பெர்த்ராந் காஸ்தெல் என்ற பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார், ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒரு நிறத்தைக் காட்டும் வாத்தியம் ஒன்று செய்யலாம் என்று எழுதினார். செவிடர்களும் சங்கீதம் கேட்கலாம் என்பது அவர் நம்பிக்கை. இருநூறு வருஷங்களுக்குச் சற்றுக் குறைவாகக் கழித்து, 1910இல், ருஷ்ய இசைக்கலைஞர் ஸ்க்ரியாபின் தன் 'ப்ரொமித்தியஸ்' என்ற வாத்திய இசைப் படைப்பில் ஒளிக்கென்றே தனி வரி எழுதினார். 1911இல் மாஸ்கோவில் அது முதலில் அரங்கேறியபோது ஒளி இல்லை. 1915இல் நியூயார்க்கில்தான் நிறங்களோடு வாசிக்கப்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த ஒளி வரிக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று வேகமானது: இசையின் ஆதார ஸ்வரம் மாறும்போதெல்லாம் கூடவே மாறும். மற்றது மிக மெதுவானது: நிமிஷக்கணக்கில் ஒரே நிறத்தில் நின்று, இசையின் அப்போதைய நடப்பைச் சட்டை செய்யாமல், தன் வழியில் நகரும். முதல் இழை இசை சொன்னதையே திரும்பச் சொல்கிறது. இரண்டாவது வேறெதையோ சொல்கிறது.

1922இல் நியூயார்க்கில் தன் 'கிளாவிலக்ஸ்' கருவியோடு மேடையேறிய தாமஸ் வில்ஃப்ரெட் இதை இன்னும் தீர்மானமாகப் பார்த்தார். ஒளி எதற்கும் பக்கவாத்தியம் அல்ல என்றார். அவருடைய ஒளிச் சலனங்கள் மௌனமானவை. 1930இல் வீட்டுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும்படி சிறிய கருவிகளும் செய்தார் - மரப்பெட்டி, முன்னால் ஒரு திரை, பார்ப்பதற்கு இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஜாடை. வீட்டில் நிறம் மாறும் ஒளியை வைத்துப் பொழுதுபோக்குவது என்ற காரியத்துக்கு அவர்தான் மூத்தவர். ஆனால் அவர் பெட்டியில் படம் இல்லை. ஒளியே படம்.

இன்றைய பட்டை வில்ஃப்ரெட்டின் வாரிசு அல்ல, ஸ்க்ரியாபினின் வேகமான இழைக்கு வாரிசு. நன்னூலார் பத்துக் குற்றங்களை அடுக்கும்போது கூறியது கூறல் என்று ஒன்றை வைத்தாரே, அதைச் செய்வதற்கென்றே தயாரிக்கப்பட்ட யந்திரம். நம் படங்களில் சோகம் வந்தவுடன் ஷெனாய் வந்ததைப் போல. நாயகி அழுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஷெனாய் அதை மறுபடி தெரிவிக்கிறது, இப்போது சுவரும் நீலமாகித் தெரிவிக்கிறது.

இவ்வளவு சொல்பவன் அதை ஏன் வீட்டில் வைத்தான் என்றால், வைத்தது நான் அல்ல. பரீட்சை லீவில் வந்திருந்த அக்காவின் பேரன் சாமான்களையெல்லாம் வாங்கிவந்து, பாதியில் விட்டுவிட்டு, காலேஜ் திறந்ததும் போய்விட்டான். தொங்கிக்கொண்டிருந்த ஒயர்களைப் பார்க்கச் சகிக்காமல் மிச்சத்தை நான் முடித்தேன். முடிக்கும்போது ஏற்பட்ட ஈடுபாட்டை மறைப்பதற்கில்லை.

என் பெட்டி 43 அங்குலம். அதன் முதுகைச் சுற்றி ஏறத்தாழ 3 மீட்டர் பட்டை, மீட்டருக்கு 60 சில்லுகள் வீதம் 180 சில்லுகள். ஒவ்வொரு சில்லிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். பெட்டியின் அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கும் எண் இதுதான். இதில் நீலத்துக்குத்தான் உலகம் ரொம்ப நாள் காத்திருந்தது. சிவப்பு டயோடு அறுபதுகளிலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் ஜப்பானில் 1993இல்தான் கைக்கு வந்தது. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை.

180 சில்லுகளுக்கும் செய்தி போவது ஒரே ஒயரில். முதல் சில்லு தனக்குரிய 24 துணுக்குகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. பந்தியில் வாளி இலைக்கு இலை நகர்வதுபோல. ஒரு சில்லுக்குப் பரிமாற ஒரு வினாடியில் லட்சத்தில் மூன்று பங்கு ஆகிறது. பந்தி முழுக்க முடிய ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. ஆனால் இடையில் ஒரு சில்லு செத்துப்போனால் அதற்கப்பால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பட்டினி.

மின்சாரத்தின் குணம் இன்னும் சுவாரஸ்யமானது. எல்லாச் சில்லும் முழு வெள்ளையில் எரிந்தால் சில்லுக்கு 60 மில்லிஆம்பியர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 11 ஆம்பியர், 5 வோல்ட்டில். அந்த மெல்லிய பட்டைக்குள் அவ்வளவும் ஓடும்போது வழியிலேயே வோல்ட் கரைகிறது. சிவப்புப் பொட்டு எரிய சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வேண்டும். ஆகவே கடைக்கோடியில் நீலமும் பச்சையும் முதலில் சோர்ந்துவிட, வெள்ளை செம்மண் கலந்த தண்ணீர்போல் ஆகிவிடுகிறது. வால் பக்கத்திலிருந்தும் ஒரு ஜோடி ஒயர் இழுத்துக் கொடுத்த பிறகுதான் வெள்ளை வெள்ளையாயிற்று. படத்தின் நிறங்களைப் பிடித்துத் தர ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினியும், அதில் ஓடும் ஹைபீரியன் என்ற இலவச மென்பொருளும். இது படத்தை வாங்கி, பார்த்து, முடிவுசெய்து, பட்டைக்கு அனுப்புவதற்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு தாமதம் - டப்பிங் படத்தில் உதடு மூடிய பிறகு வரும் வசனம்போல. அதையும் அமைப்புகளை மாற்றி மாற்றிக் குறைக்கலாம்.

குறைக்க முடியாத கோளாறு வேறிடத்தில். கணினி திரை ஓரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நிறங்களுக்குச் சராசரி எடுக்கிறது. ஒரு கட்டத்தில் சிவப்புச் சேலைத் தலைப்பும் வாழையிலையும் கறுத்த கையும் இருந்தால் சராசரி என்ன? சேறு. உலகத்தின் பெரும்பாலான காட்சிகளுக்குச் சராசரி நிறம் ஒரு பழுப்புச் சேறுதான் என்பது இந்தப் பட்டை எனக்குக் கற்றுத்தந்த விஷயம். சேற்றை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஆகவே நிறச்செறிவை வேண்டுமென்றே உயர்த்திவிட இவற்றில் வசதி வைத்திருக்கிறார்கள். உயர்த்தினால், மங்கலான சாயங்காலம் ஆரஞ்சுமிட்டாயாகிறது. குன்றக் கூறல், அதைச் சரிக்கட்ட மிகைபடக் கூறல். நன்னூலாரின் பட்டியலில் இவையும் உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம் செவ்ரல் சொன்னது. அவர் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த ரசாயனி. கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்ற புகாரை ஆராயப்போய், குறை சாயத்தில் இல்லை, கறுப்பை நீலத்துக்குப் பக்கத்தில் வைத்து நெய்வதில் இருக்கிறது என்று கண்டார். பக்கத்து நிறம் ஒவ்வொரு நிறத்தையும் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளுகிறது. 1839இல் வெளிவந்த அவர் புத்தகம் இதைப் பற்றியதே. என் கூடத்துச் சுவர் நீலமாகும்போது திரையிலுள்ள சாம்பல் மஞ்சள்பூசிக்கொள்கிறது. ஒளிப்பதிவாளன் சாம்பல் வைத்த இடத்தில் நான் பார்ப்பது சாம்பல் அல்ல. படத்துக்கு நிறம் திருத்துகிறவர்கள் தங்கள் அறைச் சுவரைச் சாயலற்ற சாம்பலாக வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் 6500 கெல்வின் வெள்ளை ஒளியை மங்கலாக எரியவிடுவது இதற்காகத்தான். கண்ணும் அயர்வதில்லை, நிறமும் கெடுவதில்லை. அதாவது பரவுகிறது என்று சொல்லப்படும் படம், பரவும் காரியத்திலேயே திரிந்துவிடுகிறது. உரைகாரன் மூலத்தைத் திருத்திவிடுகிறான்.

எனவே, ஒரு சாயங்காலம், நிறங்களையெல்லாம் நிறுத்திவிட்டு அந்த மங்கலான வெள்ளையை மட்டும் வைத்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

“என்னடா, படம் நின்னுபோச்சா?” என்றாள் அக்கா.

“ஓடுதேக்கா.”

“பேச்சு ஓடுது. படம் எங்க?”

அக்கா முப்பது வருஷத்துக்குமேல் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு புகைத்திட்டு. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. ஆறேழு வருஷமாக அவள் தொலைக்காட்சியை ரேடியோ மாதிரிக் கேட்கிறாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பேரன் பட்டை ஒட்டிய நாளிலிருந்து அவள் தலையைச் சற்றுத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். விழித்திரையின் ஓரங்களுக்கு நுட்பம் தெரியாது, எழுத்துத் தெரியாது, முகம் தெரியாது. பெரிய நிறத்திட்டு தெரியும், அசைவு தெரியும். வெளியே வந்துவிட்டார்கள், உள்ளே போய்விட்டார்கள், இரவாகிவிட்டது, விளக்கேற்றிவிட்டார்கள் - இவ்வளவும் அவளுக்கு அந்தச் சுவரிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கூறியது கூறலாக இருந்தது அவளுக்கு முதல் தடவை கூறல்.

இதனால் என் அபிப்பிராயம் மாறிவிடவில்லை. என் கண்ணுக்கு அந்த விளக்குகள் படத்தைக் கெடுக்கின்றன என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. செறிவைக் குறைத்தால் எனக்குப் படம் கொஞ்சம் பிழைக்கும், அவளுக்குப் படமே கிடையாது. கூடம் ஒன்று, பெட்டி ஒன்று. ‘எல்லோருக்குமான கலை’ என்று நம்மில் பலர் கட்டுரை எழுதியிருக்கிறோம். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறையில் இரண்டு பேருக்கு ஆவதே இந்தப் பாடாக இருக்கிறது.

180 சில்லுகளையும் தனித்தனியாக விடாமல் எட்டுப் பெரிய திட்டுகளாக்கினேன். மாற்றத்தின் வேகத்தைக் குறைத்து, ஒரு திட்டு இன்னொரு நிறத்துக்குப் போக இரண்டு வினாடி எடுக்கும்படி வைத்தேன். படபடப்பு அடங்கியது. கார் பறந்தாலும் கத்தி வீசினாலும் சுவர் அசையாது. காட்சி மாறினால் மட்டும், சற்றுப் பின்தங்கி, மாறும். செறிவு அக்காவின் சொற்படி உயரத்திலேயே. பத்திரிகைக்கு எழுதவேண்டிய படங்களை அவள் தூங்கிய பிறகு வெள்ளையில் பார்க்கிறேன். “ராத்திரி தனியா உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கிற?” என்ற கேள்வி காலையில் வருகிறது. பதில் சொல்வது சுலபமில்லை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இதெல்லாம் பயன்படாது என்று நினைத்துக்கொண்டுதான் ராயின் 'சாருலதா'வைப் போட்டேன். 1964இல் வந்த படம். எழுபதுகளில் ஃபிலிம் சொசைட்டியில் அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தது. சுவரில் வெறும் வெள்ளைதான் கூடியும் குறைந்தும் வந்தது. தோட்டத்தில் சாரு ஊஞ்சலாடுகிறாள். முகம் சட்டத்தில் நிலைத்திருக்க, பின்னாலிருக்கும் மரமும் வெளிச்சமும் போய்ப்போய் வருகின்றன. இரண்டு வினாடித் தாமதத்தில் அந்த ஆட்டம் கரைந்துபோவதைப் பார்த்து, படத்தை நிறுத்தி, தாமதத்தைக் கால் வினாடிக்குக் கொண்டுவந்து, மறுபடி ஓட்டினேன். சுவர் வெளுத்தது, இருண்டது, வெளுத்தது.

“ஊஞ்சல்தானே இது?” என்றாள். பாட்டு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கூடச் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை நான்.

பிறகு ஒரு வண்ணப்படத்தின்போது அவள் கேட்டதற்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். “இந்த நீலம் படத்தோடதா, நீ போட்டதா?” படத்தில் அந்த இடத்தில் இருந்தது விடியற்காலைச் சாம்பல். செறிவு உயர்த்தியதில் நீலமாகியிருந்தது. சொன்னேன். “அப்ப விடியற்காலைன்னு சொல்லு. நான் கடல்னு நினைச்சிட்டேன்” என்றாள். இப்போதெல்லாம் சுவர் தவறாகச் சொல்லும் இடங்களில் நான் வாயால் சொல்கிறேன். கதையைச் சொல்வதில்லை, நிறத்தை மட்டும்.

போன வாரம் மேல் விளிம்பில் ஒரு சில்லு செத்துப்போயிற்று. பந்தியில் அதற்குப் பின்னால் இருந்த ஐம்பது சொச்சமும் எரியவில்லை. இடதுபுறம் இரண்டு திட்டுகள் காலி. அந்தப் பக்கம் எப்போதும் ராத்திரியாகவே இருக்கிறதே என்று அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். சில்லின் இருபுறமும் செம்புப் பொட்டுகளின்மேல் வெட்டிவிட்டுப் புதுத் துண்டைப் பற்றவைக்க வேண்டும். மூன்று ஒயர், ஆறு பற்று. திங்கட்கிழமை ரிச்சி தெரு போகிறேன்.