தாத்தாவின் துப்பாக்கியும் தேவனாம்பட்டினத்து வெள்ளைக்காரரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை தலைக்கேறியிருந்த முதலாண்டு விடுமுறையில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது இக்கட்டுரை. நடுவே கொஞ்சம் இயற்பியலும் வரும். பிற துறை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அழகர்மலைக்குக் கிழக்கே, மலையடிவாரத்தை ஒட்டியது எங்கள் ஊர். நிலக்கடலைக் காட்டின் காவலுக்கென்று தாத்தா ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். உரிமம் பெற்றதுதான். காகிதத்தில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர், ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்து இடுவது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் வாங்கி வருவார். காட்டுப்பன்றியை விரட்ட வெறும் மருந்தின் வெடிச்சத்தமே போதும். குண்டு போட்டுச் சுட்ட கதைகளெல்லாம் அவருடைய வாலிப காலத்தவை. அவற்றுள் தலையாயது நுங்குக் கதை. எங்கள் களத்து மேட்டில் நின்றுகொண்டு, ஓடைக்கு அக்கரைப் பனையில் தொங்கிய நுங்குக் குலையை ஈயக் குண்டால் விழுத்தாட்டினாராம். ஊரில் இதைக் கேளாத காது கிடையாது.

அந்த விடுமுறையில் நான் தூரத்தைக் காலடியால் அளந்தேன். சுமார் 150 மீட்டர். குண்டின் வேகம் நொடிக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்ச் சேர அரை நொடி. அரை நொடியில் எந்தப் பொருளும் ஏறக்குறைய நான்கு அடி கீழே விழும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும். திண்ணையில் தாத்தாவின் கூட்டாளிகள் நான்கு பேர் இருக்கும்போது இதைச் சொன்னேன். "குலை இருந்த இடத்துக்கு நாலடி கீழே குண்டு போயிருக்கும் தாத்தா. படவே படாது."

அவர் கோபிக்கவில்லை. "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான்டா இருக்கும்," என்றார். அதன்பின் அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை.

ஐப்பசியில் தாத்தா காலமானார்.

கருமாதி முடிந்து நான் வகுப்புக்குத் திரும்பிய வாரம் 'பாலிஸ்டிக் ஊசல்' பாடம் நடந்தது. தொங்கும் கட்டையில் குண்டைப் பாய்ச்சி, அது எவ்வளவு உயர ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் காணும் முறை. அதைக் கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்று விரிவுரையாளர் சொன்னார். நூலகத்தில் தேடியதில் வியப்பான செய்தி கிடைத்தது. பீரங்கி, துப்பாக்கிகளின் இயக்கம் பற்றி 1742-இல் நூல் எழுதியவர் இவர். அதை 1745-இல் ஜெர்மனில் பெயர்த்து விளக்கவுரை எழுதியவர் ஆய்லர். நம் கணித வகுப்பில் நம்மை வாட்டும் அதே ஆய்லர். இந்த ராபின்ஸ் 1750-இல் கும்பெனியின் பொறியாளராகக் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு வந்து, மறு ஆண்டே அங்கு காய்ச்சலில் இறந்துபோனார். நம் மண்ணில் மறைந்த மனிதர்!

அவர் கண்டவை என் கர்வத்தை உடைத்தன. வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று இழுக்கும் விசை குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கும் என்று அளந்தார். வழவழப்பான குழலில் உருண்டைக் குண்டு சுவரில் உரசி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சுழன்று வெளிவரும். அந்தச் சுழற்சிக்கேற்பக் காற்றில் வளையும். குழல் நுனியை இடப்புறம் வளைத்துச் சுட்டுக் காட்டினார். குண்டு முதலில் இடப்புறம் போய், பின்பு வலப்புறமாக வளைந்தது. பரிகாரம், குழலினுள் திருகுவரி வெட்டுவது. அப்போது குண்டு பம்பரம் போல ஒரே அச்சில் சுழலும். 1857 கலகத்துக்குக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் அத்தகைய திருகுவரித் துப்பாக்கிக்கு உரியவையே. அதுவும் வாய்வழி மருந்திடுவதுதான். 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியைச் சுட்டபோது, 400 கஜத்தில் குறியின் மையத்துக்கு ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பதிந்தது. ஆனால் 1763-64இல் மதுரைக் கோட்டையில் யூசுப்கானை முற்றுகையிட்ட காலத்துச் சிப்பாய்கள் கையில் இருந்தவை தாத்தாவுடையதைப் போன்ற வழவழப்புக் குழல்கள். வரிசையாக நின்று ஒருசேரச் சுட்டதற்கு, தனித்தனியே சுட்டால் படாது என்பதும் ஒரு காரணம்.

என் கணக்கு சரி. வாதம்தான் தப்பு. நான்கு அடி விழுகிறது என்றால் ஒவ்வொரு முறையும் நான்கு அடிதானே விழும்? அதை அறிந்தவன் நான்கு அடி மேலே குறி வைப்பான். குறியைக் கெடுப்பது சமயத்துக்குச் சமயம் மாறுவது. மருந்தின் அளவு மாறினால் வேகம் மாறும். குண்டு தளர்ந்தால் உரசல் மாறும். கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத் தங்கும்; குழலைத் துடைக்காவிட்டால் அடுத்த வெடி வேறு வெடி.

தாத்தா என்ன செய்வார்? மூங்கில் கணுவில் செதுக்கிய சிறு அளவையில் மருந்தை முகந்து, விரலால் தலை வழித்துத்தான் குழலில் கொட்டுவார். குண்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, விளக்கெண்ணெய் தொட்டு இறுக்குவார். கம்பியால் இத்தனை இடி என்று எண்ணி இடிப்பார். ஒவ்வொரு வெடிக்கும் பின் ஈரத்துணி விட்டுத் துடைப்பார். சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவன் நான். கணக்குப் போட்டபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

உரிமம் தாத்தா பெயரில் இருந்ததால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. புதிய உரிமத்துக்கு மனுப் போடலாம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். மார்கழியில் ஒரு நாள் சாக்கில் சுற்றி எடுத்துப் போய் ரசீது வாங்கி வந்தோம். அன்றிரவு அப்பத்தாவிடம் என் தவற்றைச் சொன்னேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

அப்பத்தா சிரித்தார். "நுங்குக் குலையா? எத்தனாவது வெடியில விழுந்துச்சுன்னு அந்த மனுசன் சொன்னாரா? ஏழு வெடிடா. நான்தான் பக்கத்துல நின்னு துணி கிழிச்சுக் குடுத்தேன்."

மூங்கில் அளவையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். சென்ற மாதம் நம் ஆய்வகத் தராசில், வைகை மணலை உலர்த்திச் சலித்து, அந்த அளவையால் பத்து முறை முகந்து, விரலால் வழித்து நிறுத்தேன். சுமார் எட்டுக் கிராம். பத்து முறையிலும் ஏற்றத்தாழ்வு பத்தில் ஒரு கிராமைத் தாண்டவில்லை.