கார் ஷெட்டில் ஓடும் ரயில்

எங்கள் பகுதியில் "கார் ஷெட்" என்று சொன்னால் பலருக்கு மோட்டார் கார் நினைவுக்கு வராது. ஆவடியில் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனைக்கே அந்தப் பெயர். இரு பொருளும் பொருந்துகின்ற ஒரு கார் ஷெட் அம்பத்தூரில் என் வீட்டில் இருக்கிறது. அதில் காரும் நிற்கிறது, ரயிலும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே கூரையின்கீழ் குடிவைக்க நான் பட்ட பாட்டையும், அதில் செய்த பெரும் பிழையையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போடப்பட்ட பாதைதான் இன்றும் எங்கள் தெருமுனையைக் கடந்து செல்கிறது. இத்தகைய வீட்டுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த என் மகன் பேரனுக்கென்று ஒரு பொம்மை ரயில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். ஓர் எஞ்சின், நான்கு பெட்டிகள், வட்டமாக இணைக்கத் தண்டவாளங்கள். பேரன் இரண்டு நாள் விளையாடினான். பிறகு அது என்னுடையதாயிற்று. நீங்கள் சிரிக்கக் கூடும். என் மனைவியும் சிரித்தாள்.

எச்.ஓ. எனப்படும் அளவு அது. அசலில் 87-இல் ஒரு பங்கு. நாங்கள் கட்டிய பழைய வகைப் பெட்டியின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். (அவ்வகையின் கடைசிப் பெட்டி 2018-இல் வெளியேறியபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் வேறு கதை.) அதை 87-ஆல் வகுத்தால் இருபத்து நாலரை சென்டிமீட்டர். அப்படியானால் 24 பெட்டிகள் கொண்ட ஒரு விரைவு வண்டிக்கு 19 அடிக்கு மேல் வேண்டும். என் கார் ஷெட்டின் நீளமோ 16 அடி! இன்னொரு குறையும் உண்டு. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது மேல்நாட்டு இருப்புப்பாதைக்குக் கணக்கிட்டது. நம்முடைய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். நம் பெட்டியை அதன்மேல் வைத்தால் பெரியவர் ஒருவர் சிறுவனின் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் தோன்றும். பொறுத்துக்கொண்டேன்.

கார் ஷெட்டின் அகலம் 9 அடி. எங்கள் வேகன் ஆர் கார் 12 அடி நீளம், 5 அடி 4 அங்குல அகலம், ஐந்தரை அடி உயரம். மிச்ச இடமெல்லாம் ரயிலுக்கு என்று எண்ணிவிடாதீர்கள். காரை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து, அவை எட்டும் எல்லையைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து பாருங்கள். எனக்கு மிஞ்சியது சுவரோரத்தில் ஒரு சாண் இடமே. 2015 வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்த இடம் என்பதால் தரையில் எதையும் வைப்பதற்கில்லை. ஆகவே நாலரை அடி உயரத்தில், சுவரைச் சுற்றிலும் 9 அங்குலப் பலகை அடித்தேன். காரின் முன்மூடி அதற்குக் கீழே அடங்கிவிடும். வண்டி திரும்பும் மூலைகளில் மட்டும் பலகையை அகலப்படுத்தினேன்.

மூன்று சுவர்களில் பலகை வந்துவிட்டது. நான்காவது பக்கம் வாசல். அங்கே இணைத்தால்தான் ரயில் சுற்றி ஓடும். வாசலின் குறுக்கே எட்டடி நீளத்தில் ஒரு பாலம் செய்து, நான்கு போல்ட்டுகளால் பூட்டினேன். மின்கம்பிகளையும் பற்றவைத்தேன். இஷா தொழுகைக்குப் பின் பூட்டுவது, காலையில் கழற்றுவது என்று ஏற்பாடு. கழற்றப் பத்து நிமிடமாகும். தச்சனின் கர்வத்தோடு அந்தப் பாலத்தை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினேன்.

2021 நவம்பரில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் இரவு இரண்டு மணிக்கு என் மனைவிக்கு மூச்சிளைப்பு கண்டது. இளைப்பு அவளுக்குப் பழைய நோய்தான். ஆனால் அன்று உறிஞ்சும் மருந்துக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. காரை எடுக்க ஓடினேன். வாசலை மறித்துக்கொண்டு என் பாலம் நின்றது. ஈரத்தில் மரம் ஊதி போல்ட்டுகளை இறுகப் பிடித்திருந்தது. இரண்டு கழன்றன, மூன்றாவது அசையவில்லை. அவளுடைய மூச்சின் சீழ்க்கை ஒலி கூடத்திலிருந்து எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பது ஆண்டுகள் மரத்தோடு பழகியவனுக்கு மழைக்காலத்தில் மரம் ஊதும் என்பது தெரியாதா? கடப்பாரையால் பாலத்தை அடித்துப் பிளந்துவிட்டுக் காரை எடுத்தேன். மருத்துவமனையில் உயிர்வாயு வைத்த பிறகுதான் அவளால் பேச முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டத் தொடங்கினேன். தடுத்தவள் அவள்தான்.

"ஏங்க, வட்டமாகச் சுற்றினால்தான் ரயிலா? நம்ம ஊர் மின்சார ரயில் வட்டமாகவா போகிறது? திருவள்ளூர் போகிறது, திரும்பி வருகிறது. அப்படி ஓட விடுங்களேன்."

எனக்கு நாணமாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் அந்த ரயிலில் வேலைக்குப் போய் வந்தவன் நான். அதற்கு முன்னும் பின்னும் ஓட்டுநர் அறை உண்டு. எஞ்சினைத் திருப்ப வேண்டியதே இல்லை. பொம்மை ரயிலுக்கும் தண்டவாளத்தில் பாயும் 12 வோல்ட் மின்சாரத்தின் திசையை மாற்றினால் போதும், வந்த வழியே திரும்பிவிடும். கடைசி முனையில் ஒரு தண்டவாளத்தை மட்டும் துண்டித்து, அந்த இடைவெளியில் ஒரு டையோடை இணைத்தால், கவனிக்க ஆளில்லாவிட்டாலும் வண்டி அங்கே தானே நிற்கும். திசையை மாற்றியதும் புறப்படும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள் அது. இவ்வளவு எளிய வழி இருக்க, ஒரு பாலத்துக்காக அவளுடைய மூச்சோடு விளையாடியிருக்கிறேன்!

இப்போது வாசல் திறந்தே இருக்கிறது. பாதை மூன்று சுவர்களோடு நின்றுவிடுகிறது. மொத்தம் 41 அடி. அசல் அளவில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அம்பத்தூரையும் ஆவடியையும் அதற்குள் அடக்கிவிட்டேன். இடையிலுள்ள திருமுல்லைவாயலும் அண்ணனூரும் என்னை மன்னிக்க வேண்டும். தடித்த அட்டையில் நானே செய்த மின்தொடர் வண்டி ஓடுகிறது. கொசுவலைத் துணியைச் சன்னல் கம்பியாக ஒட்டியவள் அவள்தான். காரின் புகையும் தூசியும் தண்டவாளத்தில் படிவதால் வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. அது பேரனின் வேலை.

நேற்று அவன் கேட்டான்: "நன்னா, வில்லிவாக்கம் எங்கே?"

கார் ஷெட்டின் சுவருக்கு அப்பால் சமையலறை. அந்தச் சுவரில் ஒரு துளை போட அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.