புலித்தோல் பனியனும் நண்டுக் குழம்பும்

சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்று பெயர் வாங்கிக் கொடுத்த மரத்தைப் பார்க்கணுமா? ஊருக்குள் தேடாதீர்கள். 15 கிலோமீட்டர் தள்ளி, பிச்சாவரம் போங்கள். (தொட வேண்டாம். பால் கண்ணில் பட்டால் வம்பு!)

துடுப்புப் படகில் உட்கார்ந்தால், 1975-ல் வந்த 'இதயக்கனி'யில் பார்த்த அதே வாய்க்கால்கள். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள், சேற்றில் கால் ஊன்றி நிற்கின்றன. அந்த வேர்களின் இடுக்கில்தான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. 2004 சுனாமியில் அலையின் வேகத்தைத் தணித்து, பின்னாலிருந்த குப்பங்களைக் காப்பாற்றியதும் இந்தக் காடுதான். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. ரொம்ப லேட்!

இரண்டு மணி நேரம் துடுப்புச் சத்தம் கேட்டதில் அகோரப் பசி. திரும்பும் வழியில் ஒரு 'காட்டு' ஓட்டல். பெயர் எதற்கு, விடுங்கள். சிமென்ட் குகை, பிளாஸ்டிக் மரம், ஸ்பீக்கரில் சிங்கம் உறுமுகிறது. பிச்சாவரத்தில் ஏதய்யா சிங்கம்? சர்வர் பையனுக்குப் புலித்தோல் பனியன். பாவம், வேர்த்துக் கொட்டுகிறது.

"தம்பி, நண்டு இருக்கா? இறால்?"

"இல்ல சார். கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸ், பனீர் டிக்கா..."

"சிதம்பரம் கொத்சுவாவது?"

"அது என்னா சார், வீட்ல செய்யறதுதானே... இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

கோபி மஞ்சூரியன் வந்தது. பிளாஸ்டிக் மரத்தையே பொரித்த மாதிரி ஒரு ருசி.

"உனக்கு எந்த ஊர்ப்பா?"

"கிள்ளை சார். அப்பா வலைக்குப் போறாரு."

"மத்தியானச் சாப்பாடு இங்கேயேவா?"

பையன் குகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"டிபன் பாக்ஸ் கொண்டாந்துடுவேன் சார். இன்னிக்கு நண்டுக் குழம்பு."