ஆறாம் படியில் நின்றவர்

மகனுக்குப் பத்து வயது. மூன்று வருஷமாக ஒரே உதைபந்தாட்டப் பள்ளியில் பின்வரிசையில் விளையாடி வந்தான். இந்த செப்டம்பரில், உடம்பு காணாது, ஓட்டமும் காணாது என்று சொல்லி அவனை அணியில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அன்று இரவு சாப்பிடாமல் இருந்துவிட்டு, "அம்மா, இனி நான் விளையாட ஏலாதோ?" என்று கேட்டான்.

என் அப்பா பக்கத்தில் இருந்தார். "பிள்ளை, பந்தடிச்சுச் சோறு தின்னேலாது. இதோட விட்டிட்டு கணக்குக்கு ஒரு ஆளைப் பிடி" என்றார். இங்கே பலெர்மோவில் எங்கள் பலருடைய அப்பாமாரைப் போல அவரும் மற்றவர்களின் வீடு துடைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தவர். அவருடைய பயம் எனக்கு விளங்கும்.

ஆனால் பத்து வயதிலேயே தீர்ப்பா? ஐந்தாம் வகுப்பு புலமைப்பரிசில் பரீட்சையோடு பிள்ளையின் தலையெழுத்தை முடிவுகட்டிய பழக்கம் எங்களை விட்டு இன்னும் போகவில்லை. நாடு மாறியும் கூடவே வந்துவிட்டது.

அடுத்த நாள் மகனுக்கு ஃபாபியோ க்ரோஸோவின் கதையைச் சொன்னேன். 2006 உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலி அணியின் இடது பின்வரிசை வீரர். இருபது வயதில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? அப்ரூட்ஸோ பிரதேசத்தில், ரெனாட்டோ கூரி என்ற சிறிய அணியில். சீரி ஏ-யை மேல்படி என்று வைத்து எண்ணினால், அது ஆறாவது படி. அங்கிருந்து 1998-இல் கியேட்டி அணிக்குப் போனார். அது நாலாவது படி. மூன்று வருஷம் அங்கே கிடந்து விளையாடினார். அதுவரை அவர் பின்வரிசைக்காரரே இல்லை, முன்னுக்கு நின்று ஆடியவர். 2001-இல் பெருஜியாவுக்கு வந்த பிறகு, பயிற்சியாளர் செர்ஸே கோஸ்மிதான் அவரைப் பின்னுக்குக் கொண்டுபோனார்.

2004 ஜனவரியில் எங்கள் பலெர்மோவுக்கு வந்தார். பலெர்மோ அப்போது இரண்டாம் படியில். பெயருக்குப் பார்த்தால் இறக்கம்தான். அந்த வருஷமே அணி 31 வருஷத்துக்குப் பிறகு சீரி ஏ-க்கு ஏறியது. இரண்டு வருஷம் கழித்து உலகக் கிண்ணத்துக்குப் போன இத்தாலியரில் நாலு பேர் பலெர்மோ வீரர்கள். அரையிறுதியில் ஜேர்மனிக்கு எதிராக 119-ஆவது நிமிஷத்தில் கோல் போட்டது க்ரோஸோ. பெர்லினில் பிரான்சுக்கு எதிரான இறுதியாட்டத்தில் கடைசிப் பெனால்டியை அடித்ததும் அவர்தான். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் தெருவில் விடிய விடிய ஹோர்ன் சத்தம்.

"அப்ப நானும் அப்பிடி வருவனோ?" என்று மகன் கேட்டான்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அநேகமாக வரமாட்டாய்" என்றேன். இத்தாலியில் மேல் மூன்று படிகள்தான் தொழில்முறை. சீரி டி-யிலிருந்து கீழே எல்லாரும் சட்டப்படி அமெச்சூர்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தடுத்துவிட்டு திங்கட்கிழமை கடைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் ஏராளம். மொரேனோ டொரிச்செல்லி என்ற பின்வரிசை வீரரும் 22 வயது வரை தளபாடத் தொழிற்சாலையில் மரவேலை செய்துகொண்டு கீழ்மட்டத்தில் ஆடியவர்தான். 1992-இல் யுவென்டஸ் அவரை எடுத்தது. ரொபேர்ட்டோ பாஜ்ஜோ அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஜெப்பெட்டோ, பினோக்கியோவைச் செய்த தச்சர். நாலு வருஷத்தில் ஐரோப்பிய சாம்பியன் கிண்ணம். அவருக்கு அழைப்பு வந்தது. அவரோடு ஆடிய எத்தனையோ பேருக்கு வரவில்லை. அதற்காக அவர்கள் விளையாடியது வீண் என்று யார் சொல்வது?

அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்பா, இவன் பந்தால சோறு தின்ன வேண்டாம். வேற வேலை செய்து சோறு தின்னட்டும், பந்தை ஆசைக்கு விளையாடட்டும்." அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "கணக்கு குறைஞ்சால் பாப்பம்" என்றார். அது நியாயம். நானும் சரி என்றேன்.

இப்போது மகன் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு சின்ன அணியில் கிழமைக்கு இரண்டு நாள் விளையாடுகிறான். புல்தரை இல்லை, மண்தரை. அரைவாசி நேரம் வெளியே இருக்கிறான். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான்.

உங்கள் பிள்ளையையும் ஏதோ ஒரு அணியிலிருந்தோ வகுப்பிலிருந்தோ விட்டிருக்கலாம். உடனே எல்லாவற்றையும் நிற்பாட்டிவிடாதீர்கள். "நீ க்ரோஸோ ஆவாய்" என்று ஆசை காட்டவும் வேண்டாம். ஒரு படி கீழே இறங்கினாலும் அங்கே ஒரு மைதானம் இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். விளையாடுவதா விடுவதா என்பதை இன்னும் கொஞ்சக் காலம் போன பிறகு பிள்ளையே சொல்லட்டும்.